சுனை, குகை, அருவி: குமரி மேற்குப் பக்கம் முதன்முறை வருபவர்களுக்கு

சென்னை நண்பர் ஒருவர் போன வருடம் போனில் கேட்ட முதல் கேள்வி இது: "உங்க ஊர்ல கனிமத் தண்ணி ஊற்று இருக்காமே, அதுல முங்கினா தோல் வியாதி எல்லாம் போயிடுமாமே?" அப்படி ஒன்றும் இங்கே கிடையாது என்றேன். கந்தக வாடை வீசும் வெந்நீர்க் குளத்தை எதிர்பார்த்து கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் ஏறினால் ஏமாற்றம்தான். இங்கே இருப்பது வேறு. மலைப்பாறையின் குழிவில் மழைநீரும் கசிவுநீரும் சேர்ந்து நிற்கும் சுனை, பாறைப் படுகையில் ஓடி ஒரே இடத்தில் விழும் ஆறு, ஆற்றங்கரைக் குன்றில் குடைந்த குகை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்த துறவிகள் முதலில் தேடியது தண்ணீரைத்தான். அதனால் நீரைத் தேடிப் போனாலே பழைய இடங்களும் தானாகக் கையில் வந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் பார்ப்பது எப்படி என்று அந்த நண்பருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எப்போது வரலாம்

தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை உண்டு. மழைக்காலத்தில் அருவி அழகாக இருக்கும், ஆனால் குளிக்க விடுவார்களா என்பது அன்றைய நிலவரம். பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீர் திறந்தால் கோதையாறு பெருகும், அந்த ஆற்றில் விழும் திற்பரப்பு அருவியில் உடனே தடை போட்டுவிடுவார்கள். நடுக்கோடையிலோ பாறைதான் அதிகம் தெரியும். என்னைக் கேட்டால் பெருமழை ஓய்ந்து ஒரு வாரம் கழித்து, டிசம்பர் பின்பாதியிலோ ஜனவரியிலோ, வார நாளில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் வேண்டவே வேண்டாம்.

இதை நான் கற்றுக்கொண்டது விருந்தாளிகள் புண்ணியத்தில். ஒரு முறை மதுரையிலிருந்து வந்த பதினொரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு நேராக அருவிக்குப் போனேன். சிறுவர்கள் வேனிலேயே துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். வாசலில் கயிறு கட்டியிருந்தது. காலைச் செய்தியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. என் பெரியம்மா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. புறப்படும் முன் அணை நிலவரச் செய்தியைப் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழுக்கொள்ளளவு 48 அடி. நீர்மட்டம் அதை நெருங்குகிறது, மழையும் விடவில்லை என்றால் குளிக்கும் ஆசையை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

ரயிலில் வருபவர்கள் கன்னியாகுமரி வரை போகவேண்டியதில்லை. நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாதையில் குழித்துறை நிலையத்தில் இறங்கினால் மார்த்தாண்டம் பக்கத்தில்தான். நாகர்கோவிலில் தங்குவதானாலும் சரி, காலை ஏழரைக்குள் கிளம்பிவிடுங்கள். மார்த்தாண்டம் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான், ஆனால் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நெரிசல் உங்கள் கணக்கை மாற்றிவிடும்.

பஸ்ஸில் எல்லா இடத்துக்கும் போகலாம். மார்த்தாண்டமும் குலசேகரமும்தான் இரண்டு மையங்கள். பொறுமை இல்லாவிட்டால் மார்த்தாண்டத்தில் ஆட்டோவோ காரோ அரை நாளைக்குப் பேசிக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன்பே சிதறால், திருநந்திக்கரை, திற்பரப்பு என்று மூன்று இடத்தின் பெயரையும், எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தொகையை முடிவு செய்வது நல்லது. "பாத்துக் குடுங்க" என்று ஓட்டுநர் சொன்னால் சிரித்துக்கொண்டே ஒரு தொகையை அவர் வாயிலிருந்தே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் தண்ணீரை 'வெள்ளம்' என்பார்கள். கடையில் "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டால் பதறவேண்டாம், குடிக்கத்தான் கேட்கிறார்கள். அருவிப் பக்கம் யாராவது "வெள்ளம் கூடுது" என்று சொன்னால் மட்டும் பதறலாம்.

பையில் வைக்கவேண்டியவை கொஞ்சம்தான்: மாற்றுத் துணி, துண்டு, நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் பை, குடிநீர், வழுக்காத செருப்பு, சில்லறை. வேட்டி ஒன்று இருந்தால் கோயிலுக்கும் ஆகும், அருவியில் உடை மாற்றவும் ஆகும்.

முதலில் சிதறால்

குளியலைக் கடைசியில் வையுங்கள். ஈரத்துணியோடு மலை ஏறுவதும் கோயிலுக்குள் நிற்பதும் சரிப்படாது. முதல் இடம் சிதறால் மலைக்கோயில், மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். வழியெல்லாம் ரப்பர்த் தோட்டம். மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டுவதையும், வீட்டுக் கொடியில் துணிக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட் காய்வதையும் பார்க்கலாம்.

அடிவாரத்தில் இறங்கியதும் கல் பாவிய நடைபாதை தொடங்கும். நிதானமாக ஏறினால் இருபது, இருபத்தைந்து நிமிடம். படிகளைவிடச் சரிவுதான் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்களும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடுகிறார்கள். என் பெரியம்மா அறுபத்தெட்டு வயதில் ஏறினார், இறங்கும்போதுதான் என்னைத் திட்டினார். மேலே கடை கிடையாது, தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். பத்து மணிக்குமேல் பாறை சுடத் தொடங்கும், அதனால் வந்தவுடன் ஏறிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மேலே போனதும் பாறைகளுக்கிடையில் ஒடுக்கமான வழி ஒன்று வரும். அதைத் தாண்டினால் ஒரு பெரும்பாறை கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் அடியில் கோயில். அவசரப்பட்டு உள்ளே நுழையாதீர்கள், பார்க்கவேண்டியது வெளியே பாறை முகத்தில்தான் இருக்கிறது. வரிசையாகச் சமண சமயத்தின் ஆசான்களான தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள். பெயர்ப்பலகை இல்லாமலே அடையாளம் காணலாம். தலைக்குமேல் படமெடுத்த பாம்பு குடைபிடிக்க ஆடையில்லாமல் நிமிர்ந்து நிற்பவர் பார்சுவநாதர். அமர்ந்த கோலத்தில் தலைக்குமேல் மூன்றடுக்குக் குடை இருந்தால் அதுவும் தீர்த்தங்கரர், முக்குடை அவர்களுக்கே உரியது. பக்கத்தில் சிங்கமும் குழந்தைகளுமாக நிற்கும் பெண் அம்பிகா இயக்கி, சமணர்களின் பெண் காவல் தெய்வம். பாம்புப் படத்தின் கீழ் இருக்கும் பெண் பத்மாவதி. சில சிற்பங்களுக்குக் கீழே சின்னச் சின்னதாக எழுத்து தெரியும். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து அது, யார் செய்வித்தது என்று சொல்கிறது. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் எழுத்தின் பள்ளம் நன்றாகத் தெரியும், உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. நான் காலையிலேயே ஏறச் சொல்வதற்குச் சூடு மட்டும் காரணமில்லை.

கல்வெட்டில் இந்த மலைக்குப் பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்றால் வான்வழி செல்லும் ஆற்றல் பெற்ற சமண முனிவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, பேராயிற்குடி அரட்டனேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள பகவதிக்குப் பொன் கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் ஒரு பெண் ஆசிரியர் இந்தச் சரிவில் ஏறி வந்து பொன் கொடுத்துப் பெயரைக் கல்லில் விட்டுப்போயிருக்கிறார். எனக்கு இந்த மலையில் பிடித்த சங்கதி இதுதான். விருந்தாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அலுப்பூட்டுகிறேன் என்று வீட்டில் புகார் உண்டு.

பிற்காலத்தில் இது பகவதி கோயிலானது. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சிற்பத்தைத் தொடுவது, எண்ணெய் பூசுவது, சுண்ணாம்பு தடவி எழுத்தைப் 'படிக்க' முயல்வது எல்லாம் கூடாது. காதலர்களின் பெயர்கள் பாறையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

சரி, சுனைக்கு வருவோம். கோயிலுக்கு அருகில் பாறையிலேயே அமைந்த இயற்கைக் குளம் இருக்கிறது. சுற்றிலும் வெறும் பாறை, நடுவில் தண்ணீர். மலைமேல் துறவிகள் குடியிருக்க முடிந்ததே இது இருந்ததால்தான் என்று அங்கே நின்று பார்த்தால் தோன்றும். இறங்கிக் குளிக்கும் இடம் அல்ல. ஓரம் பாசி பிடித்திருக்கும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கால் நனைக்கவேண்டும் என்று கை பரபரக்கும், மதியம் வரை பொறுங்கள். பாறையின் உச்சிப் பக்கம் போனால் தென்னையும் ரப்பருமாகப் பச்சை விரிப்பும், நடுவே ஆறும் தெரியும். மழை நாளில் உச்சிப்பாறைக்கு ஏறவேண்டாம், இடி மின்னல் நேரத்தில் அங்கே ஒதுங்க இடமில்லை.

மொத்தம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அடுத்தது திருநந்திக்கரை

இறங்கி குலசேகரம் பக்கம் போங்கள். திருநந்திக்கரையில் நந்தீசுவரர் கோயிலும், அதற்குப் பக்கத்திலேயே பாறையில் குடைந்த குகைக்கோயிலும் இருக்கின்றன. பெரும்பாலோர் கோயிலை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குகை சின்னதுதான், அரை மணி போதும். படியேறினால் தூண்கள், உள்ளே மண்டபம், கருவறையில் லிங்கம். சுவரிலும் விதானத்திலும் பழைய ஓவியத்தின் மிச்சம் அங்கங்கே நிறமாக ஒட்டியிருக்கும். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். செல்போன் பிளாஷ் அடித்துப் பார்க்கவேண்டாம், மிச்சமிருக்கும் நிறத்துக்கு அது நல்லதல்ல.

வீரநந்தி என்ற சமண ஆசிரியர் தங்கிப் போதித்த இடம் என்று சொல்வதுண்டு. முதலாம் இராசராசனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. அவன் பிறந்த ஐப்பசிச் சதய நாளை இங்கே விழாவாகக் கொண்டாட ஏற்பாடு செய்ததைப் பேசுகிறது. தஞ்சாவூரில் சதய விழா பார்த்தவர்களுக்கு, அதே பிறந்தநாள் இந்த ரப்பர்க் காட்டுக்கு நடுவிலும் கொண்டாடப்பட்டது என்பது வியப்பாக இருக்கும்.

ஆண்களுக்கு ஒரு சொல்: இந்த மாவட்டத்துப் பழைய கோயில்களில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவது வழக்கம். திருவிதாங்கூர் காலத்துப் பழக்கம் அப்படியே நிற்கிறது. கூச்சப்பட்டு வெளியே நிற்கவேண்டாம், யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள்.

மகாசிவராத்திரி சமயத்தில் வந்தால் காவி உடுத்து, கையில் விசிறியோடு "கோபாலா, கோவிந்தா" என்று கூவிக்கொண்டு ஓடும் கூட்டத்தைப் பார்ப்பீர்கள். திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் 12 சிவாலய ஓட்டம். திற்பரப்பு மூன்றாவது, திருநந்திக்கரை நான்காவது. பார்க்க அருமையான காட்சி, ஆனால் அந்த இரண்டு நாளில் சாவகாசமாகச் சிற்பம் பார்க்க முடியாது.

மதியச் சாப்பாட்டைக் குலசேகரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மரச்சீனிக் கிழங்கு மசியலும் மீன் கறியும் கிடைக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். வெளியூர் உணவகத்தில் கப்பை என்று விலை கூட்டி விற்பது இதுதான். ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அருவிக்குப் போகக்கூடாது. அப்புறம் கடைகளில் தொங்கும் வாழைத்தாரில் விரல் அளவு மெலிந்த, மணக்கும் பழம் ஒன்று இருக்கும். மட்டிப்பழம். குமரிக்கே உரியது, 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பச்சைக் குழந்தைக்கு முதலில் ஊட்டுவது இதைத்தான். அரை சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள், குளித்து முடித்ததும் பசிக்கும்.

கடைசியில் திற்பரப்பு

குலசேகரத்திலிருந்து கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். வாகனத்துக்கும் ஆளுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. அருவி ஏறத்தாழ 50 அடி உயரம். குற்றாலம் போல ஒரே கம்பமாக இடிக்காது. அகலமாகப் பரவி, பல கிளையாக விழும். ஒரு கிளையில் இடி, அடுத்த கிளையில் தூறல். வயதானவர்களும் சிறுவர்களும் ஓரத்துத் தூறலில் நின்றால் போதும்.

மேலே சுமார் கால் மைல் நீளத்துக்கு ஆற்றுப்படுகை முழுக்க ஒரே பாறை. அதற்கும் மேலே வயல்களுக்கு நீர் திருப்பும் தடுப்பணை. அந்தப் பாறைப் பரப்பைப் பார்த்தால் இறங்கி நடக்கவேண்டும் போல் இருக்கும். நடக்காதீர்கள். பாசிப் பாறையில் கால் வைத்தால் நிற்காது, பாறைக்குள் நீர் குடைந்த குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளூர்ப் பையன்கள் குதிப்பதைப் பார்த்து நீங்களும் குதிக்கவேண்டாம். எந்தக் கயத்தில் எவ்வளவு ஆழம் என்பது அவர்கள் சிறுவயதிலிருந்து காலால் அளந்தது.

குளிக்கும்போது தண்ணீரின் நிறத்தில் ஒரு கண் இருக்கட்டும். தெளிந்து வந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சருகுமாக அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ மேலே மலையில் மழை. இங்கே வெயில் அடிப்பதை நம்பாதீர்கள். காவலர் விசில் அடிப்பதற்குக் காத்திராமல் கரையேறிவிடுங்கள். சோப்பும் ஷாம்பும் பையிலேயே இருக்கட்டும், கீழே இந்தத் தண்ணீரைப் புழங்குபவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றி யாரிடமாவது கொடுங்கள். என்னுடையது ஒன்று கோதையாற்றில்தான் இருக்கிறது.

குளித்து உடைமாற்றியபின் அருவிக்கும் தடுப்பணைக்கும் இடையில் கரையோரம் உள்ள மகாதேவர் கோயிலுக்குப் போங்கள். கோட்டைபோல மதில் சூழ்ந்த கோயில். மாலையில் நடை திறந்தபின் உள்ளே நின்றால் ஆற்றின் இரைச்சல் மதிலைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும்.

குளிக்கத் தடை என்றால்? திரும்பிப் போகவேண்டாம். எட்ட நின்று பெருக்கைப் பாருங்கள், கோயிலைப் பாருங்கள், அப்படியே மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு விடுங்கள். பழையது அல்ல, 1966இல் கட்டியது. ஆனால் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள்மேல் ஒரு கால்வாயே ஆற்றைக் கடந்து போகிறது. உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் கீழே ஆற்றங்கரைக்கு இறங்கி அண்ணாந்து பார்ப்பது உத்தமம்.

காளிகேசம் பற்றியும் கேட்பார்கள். காட்டுக்குள் ஓடும் ஆறு, கண்ணாடித் தண்ணீர், காளி கோயில். வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும், மழை பலத்தால் அனுமதி இருக்காது. அதை இதோடு சேர்த்து ஒரே நாளில் திணிக்காதீர்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும்.

இரண்டாம் நாள் இருந்தால்

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில். நிலம் தமிழ்நாடு, நிர்வாகம் கேரள அரசு. 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. திங்கட்கிழமை மூடியிருக்கும். இதை மறந்து வாசலில் நிற்பவர்களை ஒவ்வொரு திங்களும் பார்க்கலாம். அங்கிருந்து புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை பக்கம்தான். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கூரையில்லாத தேவாலயச் சுவர்களுக்குள், லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல். நிழலும் மரமுமாக இருப்பதால் உச்சிவெயில் நேரத்தை அங்கே கழித்துவிடலாம்.

மாலைக்கு வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர். கடலை ஒட்டிய கருங்கல் கோட்டை, உள்ளே ஒரு குளம், மதில்மேல் ஏறினால் ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் மலையும். காற்று தொப்பியைப் பிடுங்கும். கீழே கடற்கரையில் மணல் கறுப்பாக இருக்கும்.

கனிமம் கேட்டு வந்த என் சென்னை நண்பரை நான் கடைசியில் கூட்டிப்போனது அங்கேதான். இந்த மாவட்டத்துக் கனிமம் தண்ணீரில் இல்லை, மணலில் இருக்கிறது. இல்மனைட், கார்னெட், தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் இந்தக் கரையோர மணலில் உண்டு. மேற்குக் கரையில் மணவாளக்குறிச்சியிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். நண்பர் ஒரு பாட்டிலில் அள்ளப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். மணலுக்கு இங்கே சட்டம் கடுமை. செருப்பில் ஒட்டியதை மட்டும் கொண்டுபோகலாம்.